நாணயம் சுண்டிய நவரசம்

நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தெற்கு ஓரத்துக்கு வந்தால், மஞ்சள் செங்கல்லில் எழுந்த உயரமான கோபுரம் ஒன்று தெரியும். ஜட்சன் நினைவுத் தேவாலயம். 1890களில் கட்டி முடித்த கட்டடம். வடிவமைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஜான் லா ஃபார்ஜின் கைவேலை. பர்மாவுக்குப் போய் வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார் அடோனிரம் ஜட்சனின் நினைவாக அவருடைய மகன் எட்வர்ட் எழுப்பியது. அந்த அடோனிரம் 1813இல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது நம் சென்னைப்பட்டணத்திலிருந்துதான். வாசலில் நின்றபோது அந்தச் செய்தி எனக்கு ஏனோ தைரியம் கொடுத்தது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு முகவரி கையில் இருந்தால் வருமே, அந்தத் தைரியம்.

சிறுவயதிலிருந்து பரதம் கற்றவள் நான். நவீன நடனத்தில் இம்ப்ரவைசேஷனையும், நடனம் அமைக்கும் காம்போசிஷனையும் பாடமாக வைத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. அந்தக் கணத்தில் தோன்றுவதை ஆடுவது என்றால், அதில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஊருக்குப் போனேன். நடனத்துக்கென்று வேறு ஊர்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தேவாலயத்தின் கூடத்தில் வரிசை பெஞ்சுகள் கிடையாது. நீளமான மரத்தரை, உயர்ந்த கூரை, அவ்வளவுதான். 1991 முதல் திங்கட்கிழமை மாலைகளில் மூவ்மென்ட் ரிசர்ச் என்ற அமைப்பு இங்கே இலவசமாக நடன நிகழ்ச்சிகள் நடத்திவருகிறது. முடிந்து மெருகேறிய படைப்புகளைவிட, செய்துகொண்டிருக்கும் படைப்புகளுக்கே அதிக இடம். பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நடந்தார். திரும்பி நடந்தார். மூன்றாவது முறை நடக்கையில் அவருடைய இடது மணிக்கட்டு தன் வேலையை விட்டுவிட்டதுபோல் தொங்கியது. அடுத்த நடையில் தோள். பிறகு வலது முழங்கால். ஒவ்வொரு நடைக்கும் ஒரு மூட்டு தளர்ந்துகொண்டே போனது. ஆனாலும் எதிர்ச் சுவரை அடைந்தே தீர வேண்டும் என்பதில் அவர் கொஞ்சமும் தளரவில்லை. கடைசியில் உருண்டே கடந்தார். இசை இல்லை. தோல் மரத்தில் உரசும் ஓசையும், நீராவி ஹீட்டரின் சீறலும் மட்டும்.

பக்கத்தில் இருந்த இளைஞரிடம், இதையெல்லாம் முன்பே தீர்மானித்து வைத்திருப்பாரா என்று கேட்டேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு மூட்டு போக வேண்டும் என்பது தீர்மானித்தது, எந்த மூட்டு என்பது நடக்கும்போதுதான் தெரியும் என்றார். இப்படி முன்கூட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் ஸ்கோர் என்கிறார்கள். அன்றிரவு நான் விடுதிக்கு நடந்தே திரும்பினேன். சுரங்க ரயிலில் போய் உட்கார மனம் வரவில்லை.

எல்லாத் திங்கள்களும் அப்படி இருந்துவிடவில்லை. சில படைப்புகள் அவற்றை ஆடியவருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அதற்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டேன்.

இந்தக் கூடத்தின் கதை 1962 ஜூலை 6ஆம் தேதி இரவு தொடங்குகிறது. கோடைப் புழுக்கத்தில் சுமார் முந்நூறு பேர் உட்கார்ந்து, மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமாக ஒரு நடன நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். ஆடியவர்களில் பலரும் இளைஞர்கள். பலரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். 14ஆம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் பயிற்சிக்கூடம் அப்போது இருந்தது. அங்கே 1960 இலையுதிர்காலத்தில் ஒரு காம்போசிஷன் வகுப்பு ஆரம்பமானது. நடத்தச் சொன்னவர் இசையமைப்பாளர் ஜான் கேஜ். நடத்தியவர் ராபர்ட் டன் என்ற இசைக்காரர். கன்னிங்ஹாம் கூடத்தில் வகுப்புகளுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். சிமோன் ஃபோர்ட்டி, ஸ்டீவ் பாக்ஸ்டன், இவோன் ரெய்னர் ஆகிய மூவரும் அதில் அடக்கம்.

அதற்கு முன்பு காம்போசிஷன் என்றால் லூயி ஹார்ஸ்ட். நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் இசை இயக்குநர், கறாரான வாத்தியார். பவான், காலியார்ட் போன்ற பழைய ஐரோப்பிய அரசவை நடனங்களின் வடிவங்களைக் கொடுத்து, ஒரு கருவைச் சொல், அதிலிருந்து விலகு, திரும்பி வா என்று மாணவர்களைப் பழக்கியவர். அந்தப் பாடத்தை நான் மதிக்கிறேன். வர்ணம் ஆடிய யாரும் மதிப்பார்கள். டன் வேறு பக்கம் போனார். இசையமைப்பாளர் சத்தியின் பியானோ இசையிலிருந்து எண்ணிக்கைக் கணக்கை மட்டும் உருவி, அதற்குள் ஏதாவது செய்துகொண்டு வாருங்கள் என்பார். மூன்று நிமிட நடனம் ஒன்று செய்யுங்கள் என்பார், வேறெதுவும் சொல்ல மாட்டார். டிக் லெவின் என்ற மாணவர் அதற்காக அழப் பழகிக்கொண்டு வந்து, மூன்று நிமிடமும் அழுதார். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சக மாணவி டிரிஷா பிரவுன், நேரம் முடியும் தறுவாயில், முன்பே சொல்லி வைத்தபடி, நிறுத்து நிறுத்து என்று கத்தினார். பாக்ஸ்டன் 1961இல் செய்த ஒரு படைப்பில் ஆடுபவர் ஒரு பேரிக்காயைத் தின்று ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பார்.

படித்தால் குறும்பாகத் தெரியும். ஆனால் டன் வகுப்பின் உயிர் அதற்குப் பிறகு வந்த பேச்சில் இருந்தது. நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. எப்படிச் செய்தாய் என்பதுதான் கேள்வி. எங்கிருந்து எடுத்தாய், எதை விட்டாய், எந்த இடத்தில் முடிவெடுத்தாய். அழுதவரும் பதில் சொல்ல வேண்டும், பேரிக்காய் தின்றவரும் பதில் சொல்ல வேண்டும். நான் தேடிவந்த பாடம் இந்தக் கேள்விதான் என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் பிடிபட்டது.

கிழக்கு வில்லேஜ் பகுதியில், முதலாவது அவென்யூவில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கிறது. இப்போது கலைக்கூடம். உயரமான ஜன்னல்கள், தேய்ந்த படிகள், பலருடைய பாதங்கள் மினுக்கிய மரத்தரை. அங்கே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியை எழுபதை எட்டியவர், நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருப்பார், தாழ்ந்த குரலில் பேசுவார். முதல் வகுப்பில் அவர் எங்களை நிற்கச் சொன்னார். நின்றோம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கீழே விழாமல் இருக்க உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவேயில்லை.

இது ஸ்டீவ் பாக்ஸ்டன் உலகுக்குக் கொடுத்துவிட்டுப் போன பயிற்சி. சின்ன நடனம் என்பது அதன் பெயர். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு இடது குதிகாலில் கொஞ்சம் பாரம் கூடியது. கூடியதும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஒரு நரம்பு இழுத்துப் பாரத்தை முன்னங்காலுக்குத் தள்ளியது. பெருவிரல் தரையை அழுத்தியது, விட்டது. மூச்சு உள்ளே போகும்போது மார்பு பின்னால் சாய, இடுப்பு முன்னால் வந்து ஈடுகட்டியது. தலை தண்டுவடத்தின் மேல், துறையில் கட்டிப்போட்ட தோணி போல ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. இதில் எதையும் நான் செய்யவில்லை. நான் செய்யாமலே இத்தனையும் நடந்துகொண்டிருந்தது. பிறந்து நிற்கப் பழகிய நாளிலிருந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே எம்15 பேருந்து பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் முதுகு முழுக்க ஒரு மயிரிழை அசைந்ததையும் உணர்ந்தேன்.

அரைமண்டியில் வருடக்கணக்காக நின்றிருக்கிறேன். அங்கே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறோம், முழங்கால் விலகாமல், முதுகு வளையாமல். இங்கே பிடிப்பது எது என்று பார்க்கச் சொன்னார்கள். தோன்றுவதை ஆடு என்று சொல்வதற்கு முன், தோன்றுவதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். அதைத்தான் சொல்லித்தர முடியும். அதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

பாக்ஸ்டன் 1972 ஜனவரியில் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் மாணவர்களை வைத்து மெக்னீசியம் என்றொரு படைப்பு செய்தார். உடற்பயிற்சிக்கூடத்தில் மெத்தை விரித்து, ஒருவர் மீது ஒருவர் மோதி, சரிந்து, உருண்டு எழுந்தவர்கள் கடைசியில் சில நிமிடம் அசையாமல் நின்றார்கள். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் ஜான் வெபர் காட்சிக்கூடத்தில் அது கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன் என்று பெயர் பெற்றது. இருவர் தொடும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாகப் பாரத்தைக் கொடுப்பது, வாங்குவது. புள்ளி நகர்ந்தால் இருவரும் அதன் பின்னே போவது. பாக்ஸ்டன் அய்கிடோ பயின்றவர் என்பது அந்த விழும் விதத்திலேயே தெரியும். 2024இல் அவர் காலமானபோது உலகெங்கும் எத்தனையோ ஊர்களில் ஆட்கள் இதை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று தொடங்கினோம். அறியாதவரின் உடம்பில் பாரத்தைச் சாய்க்க எனக்குத் தயக்கம் இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, “அவரைத் தள்ளாதீர்கள், தாங்கவும் தாங்காதீர்கள், உங்கள் முதுகு எங்கே முடிகிறது என்று மட்டும் தேடுங்கள்” என்றார். என்னோடு ஆடியவர் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். தொடும் இடம் தோள்பட்டையிலிருந்து மெல்ல இறங்கி, விலாவைச் சுற்றி, இடுப்புக்கு வந்தபோது நாங்கள் இருவரும் தரையில் இருந்தோம். யார் முதலில் இறங்கினோம் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

வகுப்பில்லாத நாட்களில் லிங்கன் சென்டரில் உள்ள நிகழ்த்துகலை நூலகத்துக்குப் போவேன். நடனத்துக்கென்று அங்கே தனிப் பிரிவே உண்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய படங்களைப் பார்க்கலாம். இவோன் ரெய்னர் 1966இல் ஜட்சன் கூடத்தில் முதலில் ஆடிய டிரியோ ஏ என்ற நடனத்தைப் பின்னால் படமெடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து நிமிட நடனம். ஓர் அசைவு மறுபடி வராது, எங்கும் நிற்காது, எதுவும் உச்சத்துக்கு ஏறாது, ஆடுபவர் ஒருமுறைகூடப் பார்ப்பவரைப் பார்க்க மாட்டார். கை போகும் திசையில் கண்ணைச் செலுத்தி வளர்ந்த எனக்கு, கண்ணையே கொடுக்காமல் ஒருவர் ஆட முடியும் என்பது பெரிய அதிர்ச்சி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் கன்னிங்ஹாமைப் பற்றிப் படித்தபோது வந்தது. நடனத்தில் தற்செயலை அமைப்பு விதியாகக் கொண்டுவந்தவர் அவர். எந்த அசைவுக்குப் பின் எது என்பதைத் தன் விருப்பத்திடம் விடாமல் நாணயத்திடம் விட்டவர். டன் வகுப்பும் ஜட்சன் கூடமும் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. அவர் முதன்முதலாக நாணயம் சுண்டிப் பார்த்த படைப்பு 1951இல் வந்த பதினாறு நடனங்கள். அதன் பொருள் என்ன தெரியுமா? நம் நவரசம். இந்திய நாட்டிய மரபின் ஒன்பது பாவங்களையும் எடுத்துக்கொண்டு, சோகம் முதலில் வருமா பயம் முதலில் வருமா என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்திருக்கிறார். சாந்தத்தை மட்டும் கடைசியில் வைத்தார். 1946இல் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் வந்த கீதா சாராபாய், ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். அந்த உறவின் காலத்தில்தான் கேஜும் கன்னிங்ஹாமும் இந்த ரசங்களில் ஊறியிருந்தார்கள்.

நான் முகத்தில் கொண்டுவந்த ரசங்கள், இங்கே ஒரு நாணயத்தின் வழியாக ஒரு நூற்றாண்டின் நடனத்தையே திருப்பிவிட்டிருக்கின்றன. நூலக மேசையில் உட்கார்ந்து அதைப் படித்த மதியம், எழுந்து போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வகுப்பில் சொன்னேன். ஆசிரியை உடனே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்த ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பகடையிடம் விடுங்கள் என்றார். நாட்டடவு ஒன்றை எடுத்தேன். முதல் எண் திசை, இரண்டாவது எண் வேகம், மூன்றாவது எத்தனை முறை. காகிதத்தில் எழுதி, மனப்பாடம் செய்து ஆடினேன். அடவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் அது சட்டென்று நின்றது. சுவரைப் பார்த்துத் திரும்பியது. மூன்றாம் காலத்தில் ஒரே ஒரு முறை வந்துவிட்டு மறைந்தது. இத்தனை வருடம் என் காலில் இருந்த அடவை அன்றுதான் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் குதிகால் ஊன்றும் ஓசைக்கு முன்னால் ஒரு சின்னக் காத்திருப்பு இருக்கிறது. சரியான வரிசையில் ஆடும்போது அது கேட்பதே இல்லை.

ஆடி முடித்ததும் கேள்விகள். ஒருவர் கேட்டார்: சுவரைப் பார்த்துத் திரும்பும்போது புருவம் உயர்ந்ததே, அது பகடை சொன்னதா, நீங்கள் சொன்னதா? நான் யோசித்தேன். பகடை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் குரு சொன்னது அது, பல வருடங்களுக்கு முன்னால். அப்படியானால் அது மூன்றாவது ஆள், அவரையும் ஸ்கோரில் எழுதுங்கள் என்றார் ஆசிரியை. எழுதினேன்.

மரபு தெரிந்தவர் இம்ப்ரவைசேஷன் பயிலப் போனால் கற்றதையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. விட்டுவிட முடியாது, எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு ஞாயிறு சோஹோ பகுதியில் நடந்தேன். வூஸ்டர் தெரு 80ஆம் எண் ஏழு மாடிக் கட்டடம். 1970இல் டிரிஷா பிரவுனின் ஏற்பாட்டில் ஒருவர் உடம்பில் வாரைக் கட்டிக்கொண்டு, அந்தச் சுவரின் உச்சியிலிருந்து தரை வரை, சாலையில் நடப்பவர்போல நிமிர்ந்து நடந்து இறங்கினார். அடுத்த ஆண்டு பிரவுன் இந்தப் பகுதியின் மொட்டைமாடிகளில் ஆட்களை நிறுத்தி, ஒரு மாடியில் செய்த அசைவை அடுத்த மாடிக்காரர் பார்த்து அப்படியே வாங்கித் தொடர வைத்தார். இன்று கீழே விலையுயர்ந்த கடைகள். மேலே தண்ணீர்த் தொட்டிகளும் இரும்பு அவசரப் படிக்கட்டுகளும் அப்படியேதான் இருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

டிரிஷா பிரவுனின் செட் அண்ட் ரீசெட், 1983இல் வந்தது. ஓவியர் ராஷன்பெர்க்கின் அரங்க அமைப்பும் லாரி ஆண்டர்சனின் இசையும் கொண்டது. இம்ப்ரவைசேஷனிலிருந்து காம்போசிஷனுக்குப் போகும் பாலம் எது என்று கேட்பவர் பார்க்க வேண்டிய படைப்பு. அவர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நீண்ட தொடரைச் சொல்லித் தந்துவிட்டுச் சில விதிகளைக் கொடுத்தார். எளிமையாக வை. உள்ளுணர்வின்படி செய். தெரிவதோடும் மறைவதோடும் விளையாடு. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் வரிசையில் போய் நில். மேடையின் ஓரத்திலேயே போ. அவர்கள் அந்த விதிகளுக்குள் இம்ப்ரவைஸ் செய்தார்கள், அதில் கிடைத்ததை மீண்டும் மீண்டும் ஆடி நினைவில் நிறுத்தி அமைப்பாக்கினார்கள். மேடையில் தண்ணீர்போல ஓடுவது அத்தனையும் மனப்பாடம். எனக்கு மிகப் பிடித்தது வரிசை விதி. குழம்பும்போது தனியே தவிக்காதே, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நில் என்று ஒரு கலைப்படைப்பே சொல்கிறது.

ஜட்சன் கூடத்தில் முதல் நிகழ்ச்சி நடந்த அதே 1962 கோடையில், மாசசூசெட்ஸ் மலைப்பக்கம் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவில் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடினார். கொட்டகை போன்ற அந்த அரங்கில் ஒரே வரியை எடுத்துக்கொண்டு அவர் எத்தனை விதமாக விரித்திருப்பார் என்பதை, சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் ஊகிக்கலாம். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார். ஒரே நாடு, ஒரே கோடை, இரண்டு இம்ப்ரவைசேஷன்.

இதை வகுப்பில் சொன்னதும், செய்து காட்டுங்கள் என்றார்கள். பாட்டுப் பாட ஆள் வேண்டும். சிலி நாட்டுப் பெண் ஒருத்தி முன்வந்தாள். என்ன பாடுவது? நேரமாகிவிட்டது என்று ஸ்பானிய மொழியில் ஒரே வரி, அவளே மெட்டுக் கட்டியது. அவள் பாடப் பாட நான் ஆடினேன். நேரமாகிவிட்டது என்று ஜன்னல் திரையை விலக்கினேன். நேரமாகிவிட்டது என்று கட்டிய பூவைக் கூந்தலிலிருந்து எடுத்தேன். வராதவனுக்கு வைத்த பாலில் ஆடை படிந்திருப்பதைக் காட்டினேன்.

“எப்படிச் செய்தீர்கள்?” ஆசிரியை நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

சொன்னேன். நாயகி ஒருத்தி, அவள் மனநிலை மாறக்கூடாது, அதைக் காட்டும் நிகழ்ச்சி மாறலாம். பாடுபவர் எத்தனை முறை பாடுவார் என்று எனக்கும் தெரியாது, நான் எத்தனை கொண்டுவருவேன் என்று அவருக்கும் தெரியாது. போதும் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு, அதைப் பார்த்ததும் அவர் அடுத்த வரிக்குப் போவார். ஒவ்வொன்றையும் ஆசிரியை எண் போட்டு எழுதினார். சத்தமாக வாசித்தார். பிறகு எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

தபால்காரர் நேரமாகிவிட்டது என்று ஒரு கடிதத்தைக் கதவிடுக்கில் செருகினார். இன்னொருவர் தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒரு மாணவர் ஒன்றுமே செய்யாமல் நின்றார். அவர் பாதம் மட்டும் பாரத்தை மாற்றியது, சின்ன நடனத்தில் கற்றபடி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. சிலிப் பெண் பாடிக்கொண்டே இருந்தாள். அடுத்த வகுப்புக்காரர்கள் வெளியே கதவைத் தட்டினார்கள். யாரும் நிறுத்தவில்லை. கதவருகில் இருந்தவர் காத்திருந்த நாயகியாகவே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டார், திறக்காமல் நின்றார், புடவைத் தலைப்பைச் சரிசெய்வதாக ஒரு பாவனை காட்டினார். அது நான் சொல்லிக் கொடுத்ததல்ல. பிறகு கதவைத் திறந்தார். பைகளோடு நின்றவர்களைப் பார்த்துப் பாட்டுக்காரி இன்னும் ஒருமுறை அந்த வரியை எடுத்தாள். முதலில் நுழைந்த பையன் நிலைமையைப் புரிந்துகொண்டு, தாமதமாக வந்தவனாகத் தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான்.